சாம்பல் மேட்டில் ஒரு குழி

நம் குடியிருப்போர் சங்கத்தில் முட்டி தேயாதவர் ஒருவரும் இல்லை. போன வாரம் மாலை நடை முடிந்து பிள்ளையார் கோயில் பெஞ்சில் உட்கார்ந்தபோது நீங்கள் எல்லாரும் சேர்ந்து என் தலையில் ஒரு வேலையைக் கட்டினீர்கள். விளக்கு வைக்கும் நேரத்தில் நம் வேப்பம்பட்டுத் தெருவில் நாய்கள் ஊளையிடுகின்றன, அடுத்தடுத்து இரண்டு சாவு விழுந்துவிட்டது, ஒரு மனு எழுதிக் கொடுங்கள் மேடம் என்றீர்கள். அந்த நாய்களில் ஒன்று என் வீட்டில் இருக்கிறது என்பதை நாகரிகமாக மறந்துவிட்டீர்கள். அதற்கும் முட்டி தேய்ந்துவிட்டது.

மனு யாருக்கு, நகல் யார் யாருக்கு, எந்த விதியைக் காட்ட வேண்டும் எல்லாம் எனக்குத் தெரியும். பிடித்த நாயைக் கருத்தடை செய்து அதே தெருவில்தான் கொண்டுவந்து விடுவார்கள் என்பதும் தெரியும். தொழிற்சாலைகளைச் சோதனை போடும் அரசு வேலையில் தலை நரைத்தவள் நான். எழுதித் தருகிறேன். பெற்றுக்கொண்டதற்கு முத்திரையும் வாங்கித் தருகிறேன். அதற்கு முன்னால், ஊளைக்குப் பயந்து ஒரு நாயை வெளியேற்றிய வீட்டில் நான் வளர்ந்ததைக் கேட்டுவிடுங்கள்.

எங்கள் வீடு கும்மிடிப்பூண்டியைத் தாண்டி, ஏரிக்கரைக்குக் கீழே தனியாக இருந்தது. முன்பக்கம் எங்கள் நெல் நிலம். பின்பக்கம் புதர்க்காடு. காரையும் சூரையும் ஈச்சமும் அடர்ந்து, நடுநடுவே பனை நிற்கும். அந்தக் காடு இருந்த இடத்தில் இப்போது வரிசையாகக் கிடங்குகளும் ஆலைகளும் நிற்கின்றன. காட்டின் அந்தக் கோடியில் முதல் ஆலை கட்டி முடியும் நிலையில் இருந்தது. எங்கள் பக்கம் அப்போதுதான் அளக்க ஆட்கள் வரத் தொடங்கியிருந்தார்கள். மஞ்சள் பெயிண்ட் அடித்த கல்லை நட்டுவிட்டுப் போவார்கள். மறுநாள் கல்லின் மேல் ஓணான் உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருக்கும்.

வீடு எங்களுடையது என்பது பட்டாவில் மட்டும்தான் உண்மை. விறகு அடுக்கின் அடியில் ஒரு உடும்பு குடியிருந்தது. கூரை மூங்கிலில் சாரைப்பாம்பு சட்டை உரித்துத் தொங்கவிட்டுப் போகும். அம்மா அதைக் குச்சியால் எடுத்து எறிந்துவிட்டு, ஒட்டடை தட்டியது போல அடுத்த வேலைக்குப் போவாள். கீரி ஒன்று கோழிக்கூண்டை நாளுக்கு ஒரு தரம் சுற்றிப் பார்த்துவிட்டுப் போகும், சோதனைக்கு வரும் அதிகாரி மாதிரி. நரிகள் வரப்பில் நண்டு பிடித்துத் தின்னும். விடிந்து போனால் வரப்பெல்லாம் நண்டு ஓடு கிடக்கும், நரியைப் பார்க்க முடியாது. அவை எங்களைப் பொருட்படுத்தவில்லை. நாங்களும் அவற்றைப் பொருட்படுத்தியதில்லை.

வீட்டில் நைனா, அம்மா, நான். அப்பாவை எங்கள் பக்கத்தில் நைனா என்றுதான் கூப்பிடுவோம். அப்புறம் நைனாவின் அண்ணனான பெரியப்பா, பெரியம்மா. அவர்களுக்குப் பிள்ளை இல்லை. பெரியப்பாவுக்கு ஒரு செவலை நாய் இருந்தது. அதற்குப் பெயர் வைக்கவில்லை. “டேய்” என்பார், வரும். என்னைவிட மூத்தது. காவலுக்கு அவர் களத்தில் படுத்த காலமெல்லாம் கூடப் படுத்தது. எப்போதோ கீரி கடித்து இடது காதில் பாதி போய்விட்டது. நான் சொல்லும் அந்த வருஷத்தில் இரண்டு கண்ணிலும் பால் படர்ந்து, கண்கள் நீலமாக, சுட்ட மண் பொம்மைக்கு வைத்த கோலிக்குண்டு போல இருந்தன. அடுப்புச் சாம்பலை அம்மா பின்புறம் ஒரே இடத்தில் கொட்டுவாள். சூடு ஆறாத அந்த மேட்டில் குழி பறித்துக்கொண்டு நாள் முழுக்க அதிலேயே படுத்திருக்கும். அதன் அலுமினியச் சட்டி பக்கத்தில் கிடக்கும்.

அந்த வருஷம் ஐப்பசி மழை விட்ட கையோடு பெரியப்பாவுக்கு வலது கையும் காலும் விழுந்துவிட்டன. வாய் கோணிக்கொண்டது. ரயிலில் ஏற்றிச் சென்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கொஞ்ச நாள் வைத்திருந்துவிட்டு, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அந்த வாக்கியத்தின் பொருள் பெரியவர்களுக்குத் தெரிந்திருந்தது. எனக்குப் பத்து வயது இருக்கும். நான் அதை நல்ல செய்தி என்று நினைத்தேன்.

பின்பக்க ஜன்னலை ஒட்டி அவருடைய கட்டிலைப் போட்டார்கள். தாழ்வான ஜன்னல், மரக்கம்பி வைத்தது. வெளியே கைநீட்டும் தூரத்தில் சாம்பல் மேடு. பெரியம்மா சோறு பிசைந்து எடுத்து வந்தால் பெரியப்பா வாயைத் திறக்கமாட்டார். இடது கையில் ஒரு பிடி வாங்கிக் கம்பி வழியாக நீட்டுவார். நாய் வாசனை பிடித்து எழுந்து வரும், தின்னும், உள்ளங்கையில் மூஞ்சியை வைத்துக்கொண்டு நிற்கும். அவர் விரல்கள் அந்தக் கிழிந்த காதைத் தடவிக்கொடுக்கும். அதற்குப் பிறகுதான் வாயைத் திறப்பார். இதில் மாற்றம் கிடையாது. எந்த அலுவலகத்திலும் இவ்வளவு ஒழுங்காக ஒரு நடைமுறை பின்பற்றப்பட்டு நான் பார்த்ததில்லை.

கார்த்திகை மாதம் நாய் ஊளையிடத் தொடங்கியது.

அதற்கு முன் அது ஊளையிட்டு நாங்கள் கேட்டதில்லை. அம்மா விளக்கு ஏற்றத் திரியைக் கிள்ளும் நேரம். நாய் குழியிலிருந்து எழுந்து நின்றது. யாரோ தோளைத் தொட்டு எழுப்பியது போல எழுந்தது. கண் தெரியாத முகத்தைக் காட்டுப் பக்கம் திருப்பியது. கழுத்தை உயர்த்தி ஒரே இழுப்பாக இழுத்தது. அது முடியும் முன் காட்டுக்குள்ளிருந்து நரிகள் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டன. கொஞ்ச நேரம்தான். பிறகு எல்லாம் ஒன்றாக நின்றுபோயின. வாயை மூடுங்கள் என்று யாரோ உத்தரவு போட்டது போல. மறுநாளும் அதே நேரம். அதற்கு மறுநாளும்.

மோர் வாங்க வரும் பக்கத்து நிலத்துக்காரம்மாதான் முதலில் வாயைத் திறந்தாள்.

“இன்னாம்மா, உங்க ஊட்டு நாயி டெய்லி இப்டி ஊளை வுடுது? ஆள படுக்க வெச்சிக்கினு கீற ஊட்ல இது நல்லதில்ல.”

“கெழட்டு நாயி. பல்லு கில்லு வலிக்குதோ இன்னாவோ” என்றாள் பெரியம்மா.

“பல்லு வலிக்கு வெளக்கு வெக்கற நேரம் தெரியுமா? அதுக்குக் கண்ணு போச்சின்றீங்க. நமக்குத் தெரியாதது ஒண்ணு அதுக்குத் தெரியுது. நான் சொல்லல, எல்லாரும் சொல்றாங்க.”

அவள் வைத்துவிட்டுப் போன வார்த்தை வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. பெரியம்மாவுக்கு வேண்டியது ஒன்றுதான். அவர் இருக்க வேண்டும். பேச வேண்டாம், நடக்க வேண்டாம், அந்தக் கட்டிலில் இருந்தால் போதும். அன்று முதல் சாயங்காலம் ஆனால் அவள் கண் பெரியப்பாவின் நெஞ்சில் இருக்கும், ஏறி இறங்குகிறதா என்று.

செருப்பைக் கவிழ்த்துப் போட்டால் நாயின் ஊளை நிற்கும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். நைனாவின் டயர் செருப்பு, அம்மாவின் ரப்பர் செருப்பு, பெரியப்பா இனி போடப்போவதில்லை என்று எல்லாருக்கும் தெரிந்த தோல் செருப்பு எல்லாம் வாசலில் குப்புறக் கிடந்தன. நைனா அவசரத்தில் தன் செருப்பைப் போட்டுக்கொண்டு தண்ணீர் திருப்பப் போய்விட்டால், அன்றைய ஊளைக்கு அவர்தான் பொறுப்பு.

“உங்க செருப்பு ஒண்ணுதான் நிமிந்து கெடந்துச்சி” என்பாள் அம்மா.

“நான் கால்ல போட்டுக்கினு இருந்தேன்டி. கால்ல இருக்கறப்ப கவுத்தா போட முடியும்?”

செருப்பு வேலை செய்யவில்லை. ஒரு நாள் காலையில் அடுப்பங்கரையில் பெரியம்மா நைனாவிடம் சொன்னாள்.

“தம்பி, அத்தக் கொண்டும்போயி ஆத்துக்கு அந்தாண்ட வுட்டுட்டு வா.”

“அண்ணி, அது அண்ணனோட நாயி. கண்ணு வேற தெரியாது.”

“ஒங்க அண்ணன் இருந்தாத்தான அவரோட நாயி.”

“கேட்டா இன்னா சொல்றது?”

“கெணத்துல வுழுந்துடும்னு அந்தாண்ட கட்டிப் போட்டுக்கீறோம்னு நான் சொல்லிக்கறேன். நீ கொண்டும்போ.”

நாயோ பூனையோ, ஆற்றைத் தாண்டி விட்டுவிட்டால் திரும்பாது, தண்ணீர் வாசனையை அறுத்துவிடும் என்பார்கள். கோணிப்பையில் போட்டுக் கட்டிக்கொண்டுபோய், திசை மறக்க மூன்று சுற்றுச் சுற்றி விட வேண்டும். கண் தெரியாத நாய்க்கு எதற்குக் கோணிப்பை, எதற்குச் சுற்று என்று யாரும் கேட்கவில்லை. நடைமுறை என்றால் நடைமுறை. நாய் திமிறவில்லை. பையில் தவிட்டு வாசனை இருந்ததோ என்னவோ, தானே தலையை விட்டது. சைக்கிள் கேரியரில் வைத்துக் கட்டும்போது பை ஒரு தரம் பெருமூச்சு விட்டது.

நைனா வெயில் தாழ்ந்துதான் திரும்பினார். சைக்கிளைக் கழுவ உட்கார்ந்தார். அது கழுவ வேண்டிய நிலையில் இல்லை.

“எங்க வுட்டே?” என்றாள் பெரியம்மா.

“ஆரணி ஆத்துக்கு அந்தாண்ட, ஒரு டீக்கடையாண்ட. பொறை வாங்கிப் போட்டேன்.”

“துன்னுச்சா?”

“துன்னுச்சி. துன்னுட்டு, நான் எந்தப் பக்கம் நின்னாலும் அந்தப் பக்கம் மூஞ்சியத் திருப்பிக்கினே இருந்துச்சி.”

அன்று மாலை பின்புறம் அமைதியாக இருந்தது. காட்டில் நரிகள் ஊளை எடுத்தன, அடங்கின. பெரியம்மா முகத்தில் வெகுநாளைக்குப் பிறகு இளக்கம் வந்தது. சோற்றைப் பிசைந்துகொண்டு போனாள். பெரியப்பா ஒரு பிடி வாங்கிக் கையைக் கம்பி வழியாக நீட்டினார்.

கை நீண்டபடியே இருந்தது. சோறு காய்ந்தது. எறும்பு வந்தது.

“கட்டிக்கீது. கெணத்தாண்ட போயிடுது, கண்ணு தெரியல இல்ல” என்றாள் பெரியம்மா.

“அவு” என்றார் பெரியப்பா. அவர் வாயில் தெளிவாக வந்த சில சொற்களில் அது ஒன்று.

“நாளைக்கு அவுக்கறேன். நீங்க துன்னுங்க.”

அவர் கையை உள்ளே இழுத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டார். மறுநாளும் அப்படித்தான். கஞ்சியைக் கரண்டியால் ஊற்றினால் கோணல் வாயோரமாக வழிந்து தலையணைக்குப் போகும். கோபம் மாதிரித் தெரியவில்லை. வரிசையில் தன் முறை வராத ஆள் காத்திருப்பது போலக் காத்திருந்தார். கன்னம் ஒட்டிக்கொண்டே வந்தது. அவரைக் காப்பாற்றத்தான் பெரியம்மா நாயை அனுப்பினாள். இப்போது நாய் இல்லாததாலேயே அவர் போய்விடுவார் போல இருந்தது.

நைனா மறுபடி சைக்கிளை எடுத்துக்கொண்டு ஆற்றுக்கு அந்தப் பக்கம் போனார். வெறும் பையோடு திரும்பினார்.

“நான் கெளம்பின கொஞ்ச நேரத்துலயே எழுந்து வடக்கப் பாத்து நடந்துச்சின்றான் டீக்கடைக்காரன்” என்றார். எங்கள் வீடு வடக்கே இருந்தது. நடுவில் ஆறு இருந்தது, மழைத் தண்ணீரோடு.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு சாயங்காலம், அம்மா கையில் தீக்குச்சி எரியும் நேரம், சாம்பல் மேட்டிலிருந்து ஊளை வந்தது. தூரத்திலிருந்து அல்ல. ஜன்னலுக்கு வெளியே, கைநீட்டும் தூரத்திலிருந்து.

“வந்துடுச்சி” என்று சொல்லிக்கொண்டு நைனா ஓடினார். பின்னால் ஏற்றிய விளக்கோடு அம்மா, பெரியம்மா, நான்.

குழியில் நாயின் இடத்தில் ஒன்று நின்றுகொண்டிருந்தது. சாம்பல் நிறமா, சாம்பல் ஒட்டிய நிறமா தெரியவில்லை. கால்கள் நாயினுடையதைவிட மெலிசு. வால் நுனி கறுப்பு. கழுத்தை உயர்த்தியபடி கண்ணை மட்டும் எங்கள் பக்கம் திருப்பியது. அந்தக் கண்ணில் அம்மாவின் விளக்கு தெரிந்தது. எங்கள் நாயின் கண்ணில் விளக்கு தெரிந்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது. நரி ஓடவில்லை. பாதியில் இருந்த ஊளையை நிதானமாக முடித்தது. அதற்குப் பிறகுதான் மேட்டிலிருந்து இறங்கிப் புதருக்குள் போனது.

நாங்கள் நின்றுகொண்டே இருந்தோம். ஜன்னலுக்குள்ளிருந்து பெரியப்பாவின் குரல் வந்தது.

“இக்கான்.”

இருக்கிறான் என்று சொன்னார். அன்று கை நீட்டாமலே வாயைத் திறந்தார். பெரியம்மா ஊட்டியதெல்லாம் இறங்கியது.

மறுநாள் பெரியம்மா அலுமினியச் சட்டியைத் தேய்த்துக் கழுவி, சோறும் கருவாட்டுக் குழம்பும் ஊற்றி, குழிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தாள்.

“அக்கா, நரிக்கு எந்த ஊர்லயாவது சோறு வெப்பாங்களா? கோழிங்க கீது. கொழந்த கீது” என்றாள் அம்மா.

“கோழி போனா போவட்டும். பாப்பாவப் பின்னாடி வுடாத.” வாசலுக்குப் போனவள் திரும்பிப் பார்த்து, “அந்தச் செருப்பெல்லாம் நிமித்தி வையி” என்றாள்.

ஊளை நிற்க வேண்டும் என்று குப்புறக் கிடந்த செருப்புகள் எல்லாம், ஊளை வர வேண்டும் என்று நேராக வைக்கப்பட்டன. நைனாவுக்குச் சிரிப்பு வந்திருக்கும். சிரிக்கவில்லை.

சட்டி காலியாகும். சாயங்காலம் தவறாமல் வந்து மேட்டில் ஏறி நின்று ஊளையிடும். பெரியப்பா சாப்பிடுவார். சில நாளில் நரி பகலிலும் போகாமல் தங்கத் தொடங்கியது. உடும்பு எந்த நாளில் போனது என்று தெரியாது, விறகு எடுக்கும்போது காணவில்லை. கீரியும் சோதனைக்கு வருவதை நிறுத்திவிட்டது. கோழிகள் குறைந்துகொண்டே வந்தன. அம்மா அவற்றைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டாள். பின்புறம் போக வேண்டியதற்கெல்லாம் முன்புறமாகச் சுற்றிப் போனோம். எல்லாரும் குரலைத் தாழ்த்திக்கொண்டோம். பாத்திரத்தை ஓசையில்லாமல் வைத்தோம். கோபக்கார மாமியார் ஒருத்தி வந்து பின்கட்டில் தங்கியிருப்பது போல வீடு நடந்துகொண்டது.

ஒரு மத்தியானம் அடுப்பங்கரைக் கதவு இடுக்கு வழியாக நான் அதைப் பார்த்தேன். குழியில் சுருண்டு, முன்னங்கால் ஒன்றை மூக்கின் மேல் போட்டுக்கொண்டு தூங்கியது. எங்கள் நாய் அப்படித்தான் படுக்கும், அதே கால், அதே பக்கம். நைனாவிடம் சொன்னேன்.

“குழி அந்த மாதிரி இருக்குதும்மா. எது படுத்தாலும் அப்டித்தான் படுக்க முடியும்” என்றார்.

சரியான பதில்தான். பிற்காலத்தில் எத்தனையோ விபத்து அறிக்கைகளில் இதைவிட மோசமான காரணத்தை ஏற்றுக்கொண்டு கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஆனால் நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது கண்ணைத் திறந்தது. இடுக்கை அல்ல, என்னை நேராகப் பார்த்தது. என்னை அதற்கு ஏற்கெனவே தெரியும் என்பது போலப் பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டது.

மார்கழி முடியும் தறுவாயில் ஒரு சாயங்காலம், ஊளை அடங்கியதும் பெரியப்பா சோற்றுக்குக் கை நீட்டினார். பெரியம்மா பழக்கத்தில் ஒரு பிடி வைத்துவிட்டாள். அவர் அதைக் கம்பி வழியாக வெளியே நீட்டினார்.

பெரியம்மா கையைப் பிடித்து இழுக்கப் போனாள். அவர் திரும்பி அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் அவள் கை நின்றுவிட்டது. நைனா கதவு மூலையிலிருந்த கடப்பாரையை எடுத்தார்.

“அசையாத தம்பி” என்றாள் பெரியம்மா, உதடு அசையாமல்.

வெளியே சாம்பல் மேட்டிலிருந்து ஏதோ இறங்கும் ஓசை, சருகு ஓசை, பிறகு மூச்சு. கம்பிக்கு அப்பால் கூர்மையான முகம் வந்தது. கையை மோந்தது. விரலிடுக்கில் இருந்ததைக்கூட விடாமல் சுத்தமாகத் தின்றது. போகவில்லை. உள்ளங்கையில் மூஞ்சியை வைத்துக்கொண்டு நின்றது. நரி அப்படிச் செய்யும் என்று எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை. தேடிப் பார்த்திருக்கிறேன்.

பெரியப்பாவின் விரல்கள் மெதுவாக எழுந்தன. தாடையைத் தடவின. கழுத்துக்குப் போயின. பிறகு இடது காதுக்கு வந்தன. எங்கள் நாய்க்குப் பாதிக் காதுதான் என்பது அந்த அறையில் இருந்த எல்லாருக்கும் ஞாபகம் வந்தது. விரல் காதின் பாதி வரை வந்து நின்றது. கொஞ்ச நேரம் நின்றது. அப்புறம் மேலே ஏறி, நுனி வரை முழுக் காதையும் தடவியது.

“எளச்சிட்ட” என்றார் பெரியப்பா.

கையை இழுத்துக்கொண்டார். நரி போய்விட்டது. அவர் பெரியம்மா பக்கம் திரும்பி வாயைத் திறந்தார்.

நரியின் எச்சில் பட்டால் என்ன செய்ய வேண்டும் என்று இப்போது யாரைக் கேட்டாலும் சொல்வேன். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவ வேண்டும், கீறல் பார்க்க வேண்டும், தாமதிக்காமல் ஊசிக்குப் போக வேண்டும். அன்று பெரியம்மா முதல் இரண்டையும் செய்தாள். கீறல் இல்லை. மூன்றாவதற்குப் போனால், நரிக்கு ஏன் சோறு வைத்தீர்கள் என்று கேட்பார்கள். யாரும் போகவில்லை.

“அண்ணனுக்கு நெனப்பு போயிடுச்சி. நாயின்னே நெனச்சிக்கினு கீறாரு” என்றார் நைனா, வாசலில் நின்று.

“அதுவும் நல்லதுக்குத்தான்” என்றாள் அம்மா.

பெரியப்பாவின் கழுவிய கையைப் பெரியம்மா முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தாள். பிறந்ததிலிருந்து காட்டோரம் வாழ்ந்த மனுஷர் அவர். நரியின் குரலுக்கும் நாயின் குரலுக்கும் வித்தியாசம் தெரியாமல் போக அவருக்கு விழுந்தது வலது பக்கம்தான், காது அல்ல. இது பெரியவர்களுக்குத் தோன்றவில்லை. நினைவு தப்பலாம் என்று ஆஸ்பத்திரிச் சீட்டில் எழுதியிருந்ததை நம்பினார்கள்.

ஊளைக்குக் காரணம் என்ன என்று எனக்குத் தெரிய வெகுகாலம் ஆனது. வேலையில் சேர்ந்த பிறகு அந்தப் பக்கத்து ஆலை ஒன்றுக்குச் சோதனைக்குப் போனேன். அங்கிருந்த பழைய ஆள் ஒருவர் பேச்சுவாக்கில் சொன்னார். ஆலை திறப்பதற்கு முன்னால் கார்த்திகை முதற்கொண்டு தினமும் விளக்கு வைக்கும் நேரத்துக்குச் சங்கு ஊதிப் பார்ப்பார்களாம். மனுஷர் காதுக்கு எட்டாத தூரத்தில் நாங்கள் இருந்தோம். நாய்க்கும் நரிக்கும் எட்டியிருக்கிறது. சுற்று வட்டாரத்துக்கு முன்கூட்டி அறிவிக்க வேண்டும் என்று நடைமுறை இருக்கிறது. அறிவித்திருந்தால் ஒரு கிழட்டு நாய் அதன் குழியிலேயே செத்திருக்கும். அன்று அந்த அலுவலக நாற்காலியில் எனக்குப் பெரிய நிம்மதி வந்தது. நிம்மதி இரவு வரைக்கும் இருந்தது. ஊளையை அந்தச் சங்கு விளக்கிவிட்டது. அந்தக் குழியை, அந்தக் காலை மூக்கின் மேல் போட்டதை, உள்ளங்கையில் மூஞ்சியை வைத்து நின்றதை எந்தச் சங்கும் விளக்காது.

தை பிறந்ததும் காட்டுக்குள் புல்டோசர்கள் வந்தன. பனைகள் விழும் சத்தம் நாள் முழுக்கக் கேட்டது. தள்ளிய புதர்களைக் குவித்துத் தீ வைத்தார்கள். எங்கள் நெல் மேல் கரி படிந்தது. பாம்புகளும் முயல்களும் எங்கள் முற்றத்தின் வழியாகவே ஓடின, எங்களைத் திரும்பிப் பார்க்காமல். அந்தக் கோடியில் இருந்த ஆலையும் திறந்துவிட்டார்கள். வேறு பெரிய சங்கு வைத்தார்களோ, நடுவில் காடு இல்லாமல் போனதோ, இப்போது சங்கு எங்கள் காதுக்கே கேட்டது. விளக்கு வைக்கும் நேரத்தில் அது ஊதியது. ஊதி முடித்தது. பதில் வரவில்லை.

சாம்பல் மேட்டில் குழி காலியாக இருந்தது. சட்டியில் சோறு புளித்தது.

பெரியப்பா கையை வெளியே நீட்டினார். வெறும் கையாகத் திரும்பியது. வாயை மூடிக்கொண்டார். மறுநாளும் மூடிக்கொண்டார். கஞ்சி மறுபடி தலையணைக்குப் போனது.

“கட்டிக்கீதுன்னு சொல்லட்டுமா அண்ணி?” என்றார் நைனா.

“வேணாம்” என்றாள் பெரியம்மா.

அன்று சங்கு ஊதியபோது அவள் சோற்றுத் தட்டைக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு எழுந்தாள். ஏற்றிய விளக்கைக் கையில் பிடித்தபடி, “எங்கக்கா?” என்றாள் அம்மா. பெரியம்மா பின்கதவைத் திறந்துகொண்டு போனாள். நான் அடுப்பங்கரை இடுக்குக்கு ஓடினேன்.

சாம்பல் மேட்டுக்கு முன்னால் கொஞ்சம் நின்றாள். பிறகு முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு, குழிக்குள் முழங்காலை ஊன்றி உட்கார்ந்தாள். காடு இருந்த பக்கம் அடிமரங்கள் புகைந்துகொண்டிருந்தன. அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பினாள். முதலில் வந்தது இருமல் மாதிரி இருந்தது. அடுத்தது அழுகை மாதிரி. மூன்றாவதாக வந்ததை என்னவென்று சொல்ல எனக்குத் தெரியவில்லை. அது பெண் குரல் இல்லை. எங்கள் நாய் கார்த்திகையில் முதல் நாள் இழுத்ததே, அந்த ஒரே இழுப்பு. அதே இடத்தில் தொடங்கி, அதே இடத்தில் வளைந்து, அதே இடத்தில் அடங்கியது. சாவைக் கூப்பிடும் என்று எந்த ஓசைக்குப் பயந்து நாயை ஆற்றுக்கு அந்தப் பக்கம் அனுப்பினாளோ, அதைத் தன் வாயால் கூப்பிட்டாள். வாசற்படியில் நைனா தோள் துண்டை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார்.

சத்தம் நின்றது. ஜன்னல் கம்பி வழியாகப் பெரியப்பாவின் இடது கை வெளியே வந்தது. உள்ளங்கை மேலே பார்த்து விரிந்திருந்தது. அதில் ஒரு பிடி சோறு.

பெரியம்மா எழுந்தாள். புடவையெல்லாம் சாம்பல். ஜன்னலண்டை வந்தாள். குனிந்து, அந்தச் சோற்றை வாயால் எடுத்துத் தின்றாள். பிறகு உள்ளங்கையில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றாள்.

விரல்கள் எழுந்தன. தாடையைத் தடவின. காதுக்கு வந்தன. கம்மலைத் தொட்டு நின்றன. அப்புறம் நுனி வரை முழுக் காதையும் தடவின.

“எளச்சிட்ட” என்றார் பெரியப்பா.

அன்று அவர் தட்டில் இருந்ததெல்லாம் சாப்பிட்டார்.

மறுநாள் காலையில் பக்கத்து நிலத்துக்காரம்மா மோருக்கு வந்தாள். செம்பைக் கீழே வைக்கும் முன்பே கேட்டாள்.

“இன்னாம்மா, நேத்து சாயந்தரம் உங்க ஊட்டாண்ட ஊளை கேட்டுச்சே. அந்த நாயி திரும்பி வந்துடுச்சா?”

பெரியம்மா மோரை ஊற்றிக்கொண்டிருந்தாள். செம்பு நிறையும் வரை ஊற்றினாள்.

“ஆமா. வந்துடுச்சி.”

“கட்டிப் போடுங்க. நல்லதில்ல.”

“இல்ல” என்றாள் பெரியம்மா. “இனிமே கட்ட மாட்டேன்.”